கீறல் படாத பால்மரம்

தனியே எங்கும் போகாதே என்பது நம் வீடுகளில் பெண் மக்களுக்குப் போதிக்கப்படும் முதற் பாடம். எழுத்தறிவதற்கு முன்னரே இதனை நாம் அறிந்து விடுகிறோம். கடைக்குப் போவதாயின் தம்பி துணைக்கு வருதல் வேண்டும். அவன் மூக்கொழுகும் ஆறு வயதுச் சிறுவனாயினும் ஆண் துணை ஆண் துணைதானே! 1997ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், என் பத்தொன்பதாம் வயதில், கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, சுபாங் விமான நிலையத்தில் என் தாய் கடைசியாகச் சொன்னதும் இந்த வார்த்தையே. "தனியா எங்கேயும் போயிடாதே, தாயி." ஆறாயிரம் மைல் தனியே பறக்கப் போகிறவளிடம் இதைச் சொல்லுகிறோமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குந் தோன்றவில்லை. சரி அம்மா என்று தலையசைத்துவிட்டுப் போனேன்.

ஓராண்டு வரையில் அவ்வார்த்தையைக் காத்தேன். பின்னர் ஒரு சனி ஞாயிறு அதனை மீறி, நான் படித்துவந்த லீட்ஸ் நகரத்திலிருந்து லண்டனுக்குத் தனியே போய்வந்தேன். லண்டன் என்றதும் அரண்மனையையும் மணிக்கூண்டையும் பற்றி எழுதப் போகிறாள் என்று நேயர்கள் அஞ்ச வேண்டாம். அவற்றை நான் பார்க்கவில்லை. நான் பார்க்கப் போனது ஒரு ரப்பர் மரத்தை.

நகைப்பாக இருக்கலாம். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, ரப்பர்க் கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்துப் பையன் கையில் சுட்டு விளையாடி வளர்ந்த ஒருத்தி, ரப்பர் மரத்தைப் பார்க்கச் சீமைக்குப் போக வேண்டுமா? போனதற்குக் காரணம் உண்டு.

எங்கள் தோட்டம் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் இருந்தது. நான் ஆறாம் வகுப்பிற் படிக்கையில், எங்கள் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பிள்ளைகள் முப்பது பேரை லாரியில் ஏற்றிக் கோலகங்சாருக்கு அழைத்துச் சென்றார். ஆற்றைக் காட்டினார், அரண்மனையைக் காட்டினார். பிறகு வேலியிட்ட ஒரு கிழ மரத்தின் முன் எங்களை நிறுத்தி, "உங்கள் பாட்டன்மாரை இந்நாட்டுக்கு அழைத்து வந்த பெரிய கங்காணி இவர்தாம், வணக்கம் சொல்லுங்கள்" என்றார். நாங்கள் விழித்தோம். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டனவென்றும், அவற்றுள் எஞ்சி நிற்பது இம்மரமென்றும், அக்கன்றுகள் லண்டனை அடுத்த கியூ என்னுந் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவை என்றும் விளக்கினார். கியூ என்றதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த கியூ, சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் நிற்கும் வரிசை ஒன்றுதான். "மரமும் கியூவில நின்னுதான் வந்துச்சா, சார்?" என்று ஒருவன் கேட்டான். ஆசிரியரும் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அம்மரத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே: "வெட்டுறாங்களா அதை, இல்லை சும்மா நிக்குதா?"

காரணத்தில் பாதி இது. மற்றப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் அதைச் சொல்லாவிடின் இக்கட்டுரை எழுதியும் பயனில்லை.

லீட்ஸ் சர்வகலாசாலையில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்த மாணவிகள் நால்வர். அவருள் ஒருத்தி முதல் வாரத்திலேயே, உன் குடும்பம் என்ன செய்கிறது என்று கேட்டாள். "ரப்பர்த் தோட்டத்தில் இருக்கிறோம்" என்றேன். என் ஆங்கிலத்தின் குறையோ, அவள் காதின் குறையோ, எங்களுக்கு ஒரு ரப்பர்த் தோட்டம் இருப்பதாக அவள் எடுத்துக்கொண்டாள். "எத்தனை ஏக்கர்?" என்றாள். இரண்டாயிரத்துக்கு மேல் என்றேன். அதில் பொய்யில்லை, தோட்டம் அத்தனை ஏக்கர்தான். அன்று முதல் அவ்வீட்டில் நான் தோட்ட முதலாளியின் மகளாயினேன். திருத்தியிருக்கலாம். மறுநாள் திருத்தலாம் என்றிருந்தேன். மறுநாள் ஒரு வாரமாயிற்று; வாரம் ஓராண்டாயிற்று. தோட்ட முதலாளியின் மகள் வாரத்தில் நான்கு இரவு ஓர் உணவுச்சாலையிற் பாத்திரம் கழுவுவானேன் என்று அவர்கள் கேட்கவுமில்லை. பணக்காரர்களின் விசித்திரங்களுள் அதுவும் ஒன்றென்று நினைத்திருப்பார்கள் போலும்.

பாத்திரம் கழுவாமல் முடியாது. நான் புறப்பட்ட 1997ஆம் ஆண்டில்தான் நம் வெள்ளியின் மதிப்புச் சரியத் தொடங்கிற்று. அவ்வாண்டின் நடுவில் நாலு வெள்ளிச் சில்லறைக்குக் கிடைத்த ஒரு பவுனுக்கு, அடுத்த ஆண்டில் ஆறு வெள்ளிக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்துவந்த உதவித்தொகை பாதிச் செலவுக்கும் போதவில்லை. மீதியை அனுப்ப அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனாள் என்பதைத் தம்பி எழுதித்தான் அறிந்தேன். அந்தக் கடிதம் வந்த அன்று மாலை, வீட்டுத் தோழி தன் தாய் தந்தையரிடம் என்னை அறிமுகப்படுத்தினாள். "இவள் வீட்டாருக்கு மலேசியாவிலே பெரிய ரப்பர்த் தோட்டம் இருக்கிறது" என்றாள். நான் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகை அன்றிரவு முழுதும் என்னைத் தூங்கவிடவில்லை. கியூவுக்குப் போவதென்று தீர்மானித்தது அன்றிரவுதான். போனால் என்ன ஆகுமென்று எனக்கே தெளிவில்லை.

1998 அக்டோபர் 24, சனிக்கிழமை, இருள் பிரியுமுன் மோட்டார் பஸ் ஏறினேன். புகைவண்டியிற் போயிருந்தால் இரண்டு மணிக்கூறு சொச்சம், கட்டணம் கட்டுபடியாகாது. பஸ்ஸில் ஐந்து மணி நேரம். வழி நெடுக மரங்கள் மஞ்சளும் சிவப்புமாய் இலையுதிர்த்துக்கொண்டிருந்தன. இக்காட்சியைக் கண்டு வெளிநாட்டு மாணவர்கள் மயங்குவார்கள். எனக்கு அது புதிதன்று. ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்தில் இலை சிவந்து உதிரும், காடு வெறிச்சென்றாகிவிடும், பால் குறையும், பாலோடு சம்பளமும் குறையும். இலையுதிர்ச்சியில் அழகைக் காண்பதற்கு மாதச் சம்பளக்காரராய்ப் பிறந்திருக்க வேண்டும்.

லண்டன் சேர்ந்ததும் சுரங்க ரயிலேறி, மின்சிங் லேன் என்னுந் தெருவுக்குப் போனேன். தேயிலை, ரப்பர் முதலிய கீழ்நாட்டுச் சரக்குகளின் வியாபாரம் நெடுங்காலம் நடந்த தெரு அது. அங்கே பிளாண்டேஷன் ஹவுஸ் என்றொரு மாபெருங் கட்டடம் நின்றது. தோட்ட மாளிகை என்று தமிழிற் சொல்லலாம். 1930களில் எழுப்பப்பட்டது. (பின்னர் அது இடிக்கப்பட்டு, 2004இல் அவ்விடத்தில் பிளாண்டேஷன் பிளேஸ் என்று புதுக் கட்டடம் வந்துவிட்டது. கட்டடம் போயும் தோட்டம் என்ற பெயர் அப்போது போகவில்லை.) சனிக்கிழமையாதலால் தெருவில் ஈ காக்கை இல்லை. கதவுகள் அடைத்திருந்தன. அண்ணாந்து பார்த்தேன். ஒரு செடியில்லை, ஒரு மண்துகள் இல்லை, தோட்டம் என்று பெயர்!

எங்கள் லயத்தில், தண்ணீர்க் குழாய் உடைந்தால் கிராணியிடம் சொல்வார்கள். கிராணி துரையிடம் சொல்வார். துரை, கம்பெனிக்கு எழுத வேண்டும் என்பார். கம்பெனி என்பது எங்கே இருக்கிறது என்று சிறுவயதில் நான் கேட்டதற்கு, என் பாட்டி வானத்தைக் காட்டினாள். அன்று அத்தெருவில் நின்று, அவள் காட்டிய வானம் இந்த அளவுதானா என்று பார்த்தேன். 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் காலையில், மலேசிய நிறுவனமொன்று லண்டன் பங்குச் சந்தையில் புகுந்து, குத்ரி என்னும் பெரிய தோட்டக் கம்பெனியைச் சில மணி நேரத்தில் வாங்கிவிட்டதை நேயர்களிற் பலர் அறிவார்கள். அக்காலத்தை ஒட்டிப் பல தோட்டங்கள் கைமாறின. எங்கள் தோட்டத்திலும் துரை மாறினார். பெரட்டு மணி மாறவில்லை.

அன்றிரவு மாணவர் விடுதி ஒன்றில், முன்பின் அறியாத பெண்கள் எழுவரோடு ஓரறையில் படுத்தேன். பணப்பையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தேனேயன்றி உறங்கவில்லை. அந்தப் பெண்களோ, தனியே வந்தவர்கள்தாம் அவர்களிலும் பலர், அடித்துப் போட்டாற்போல் உறங்கினார்கள்.

விடிந்ததும் புறப்பட்டு, கியூ ஸ்டேஷனில் இறங்கித் தோட்டத்து வாயிலுக்குப் போனேன். என் கைக்கடிகாரத்தில் மணி ஒன்பதரை. வாயில் அடைத்திருந்தது. காரணம் விளங்காமல் நின்றேன். அவ்வழியே நாயோடு வந்த ஒரு பெரியவர் என் திகைப்பைக் கண்டு, "கடிகாரத்தைத் திருப்பி வைக்கவில்லையா?" என்றார். கோடைக்காலக் கணக்கு முடிந்து, இங்கிலாந்து முழுதும் அன்று அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்களாம். முந்தைய ஆண்டில் வீட்டுத் தோழிகள் சொல்லித் திருத்தினார்கள். இம்முறை சொல்வாரில்லை. தனியே வந்ததற்கு நான் கட்டிய அபராதம், குளிரில் ஒரு மணி நேரம்.

ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தைப் போல் என் தாயைப் பற்றி நான் நினைத்த நேரம் வேறில்லை. பதினான்காம் வயதில் கத்தி பிடித்தவள் அவள். தந்தை இறந்தபோது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு இரண்டு. நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போவாள். பேர் கொடுத்ததும் அவரவர் நிரைக்குப் பிரிந்து போய்விடுவார்கள். அவளுக்கு ஐந்நூறு மரத்துக்குக் குறையாத நிரை, ஆற்றோரத்தில். மரத்துக்கு மரம் நடந்து, ஒட்டுப்பாலை இழுத்து, பட்டையைச் சீவி, மங்கைத் துடைத்து வைத்து, அடுத்த மரம். வெயிலேறினால் பால் நின்றுவிடும்; ஆகையால் இருளிலேயே தொடங்க வேண்டும். பன்றி வரும், பாம்பு கிடக்கும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருப்பதும் உண்டு, இல்லாதிருப்பதும் உண்டு.

வாயில் திறந்தது. நேரே பனை மாளிகை எனப்படும் கண்ணாடி மனைக்குப் போனேன். 1844 முதல் 1848 வரை இரும்பாலும் வளைந்த கண்ணாடியாலும் கட்டப்பட்டது. நான் போன ஆண்டில் அதற்கு வயது 150. கதவைத் திறந்ததும் என் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து கண் தெரியாமற் போயிற்று. அந்தக் குருட்டு நிலையில் மூச்சை இழுத்தேன். ஈர மண், அழுகும் இலை, வெப்பம்! எங்கள் லயத்துப் பின்புறம் எனக்கு முன் வந்து நின்றது. கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

கொக்கோவுக்கும் வேறு பல மரங்களுக்கும் இடையில் அதனைக் கண்டேன். பெயர்ப்பலகையைப் படிக்கும் முன்னரே மூவிலையைக் கொண்டு அறிந்துகொண்டேன். ஒல்லியான மரம். அருகிற் சென்று பார்த்தபோது ஏதோ ஒன்று குறைவதாக உணர்ந்தேன். என்னவென்று உடனே பிடிபடவில்லை. சுற்றி வந்து பார்த்தேன். அம்மரத்தில் ஒரு வெட்டும் இல்லை. அடியிலிருந்து கிளை வரைக்கும் பட்டை வழவழவென்றிருந்தது. கத்தி படாத பெரிய பால்மரத்தை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். எனக்குத் தெரிந்த ரப்பர் மரமெல்லாம் மார்பளவுக்குத் தழும்புடையவை. தழும்பில்லாதது மரமாயின் கன்றாக இருக்கும்.

அவ்வமயம் முதிய மாது ஒருத்தி, பெரியவரும் சிறுவருமாய்ப் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அங்கு வந்தாள். பார்வையாளருக்கு இடங்காட்டி விளக்கம் சொல்லும் தொண்டு செய்பவள். 1876ஆம் ஆண்டில் விக்ஹம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கொணர்ந்ததையும், கியூவில் அவற்றை விதைத்ததில் ஏறக்குறைய 2,700 மாத்திரமே முளைத்ததையும், கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து அவற்றிற் பெரும்பாலானவற்றை இலங்கைக்கு அனுப்பியதையும், மறு ஆண்டில் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் போனதையும் அழகாகச் சொன்னாள். என் ஆசிரியர் சொன்ன அதே 22! பின்னர் ரிட்லியைப் பற்றிச் சொன்னாள். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்று, மரத்தைச் சாகடிக்காமல் அதே வெட்டை நாள்தோறும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டு, காப்பித் தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் நடும்படி மன்றாடி, பித்தன் என்று பெயர் வாங்கியவர். ஓய்வு பெற்றபின் கியூவிலேயே குடியிருந்து, 1956இல் நூறு வயது கடந்து இறந்தார். சொல்லி முடித்துச் சிறுவர்களைப் பார்த்து, "பால் எப்படி எடுப்பார்கள், யாருக்காவது தெரியுமா?" என்றாள்.

சிறுவர்கள் பேசவில்லை. பெரியவர்களும் பேசவில்லை. நான் கூட்டத்தைச் சேர்ந்தவளல்லள், ஓரத்தில் நின்றேன். நேயர்காள், பேசாமல் நின்றிருந்தால் ஒன்றுங் குறைந்திராது. ஓராண்டுக் காலம் பேசாமலிருந்து பழகியவளாயிற்றே! எனினும் என் கை தானாக மேலெழுந்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் எழுவது போல.

மரத்தைத் தொடலாகாது. ஆகையால் என் இடது கையின் சட்டையைச் சுருட்டிக்கொண்டு, முன்கையே மரமாகக் காட்டினேன். இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சாய்வாய் வெட்டவேண்டும். பால் ஓடும் நரம்புகள் எதிர்ச்சாய்வாய் ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் அதிக நரம்பு அறும். ஒவ்வொரு முறையும் சீவ வேண்டியது ஒரு நகத்தின் கனம். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்து மரத்தில் கத்தி பட்டால் அவ்விடத்தில் முண்டு கட்டிவிடும், பட்டை திரும்ப வளரும்போது அதில் வெட்ட இயலாது. இருட்டில், ஒரு மரத்துக்கு அரை நிமிஷம்கூட நில்லாமல், இதைச் செய்ய வேண்டும். ஒரு சிறுமி, "மரத்துக்கு வலிக்காதா?" என்றாள். நன்றாக வெட்டினால் வலிக்காது என்று அம்மா சொல்வாள் என்றேன். "உன் அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"என் அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. முப்பது வருஷமாக வெட்டுகிறாள்."

ஆங்கிலத்தில் இவ்வளவே. சொல்லி முடித்ததும் உள்ளங்கால் வரை வியர்த்தது. அது கண்ணாடி மனையின் வெப்பமன்று. வானம் இடிந்து விழவில்லை. அச்சிறுமி என் முன்கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் நகர்ந்த பின்பு அந்த முதிய மாது என்னிடம் வந்து நன்றி கூறி, உன் தாய் எந்த நேரத்தில் வேலைக்குப் போவாள், எவ்வளவு தூரம் நடப்பாள் என்றெல்லாம் விசாரித்தாள். சொன்னேன். "அந்த இருட்டிலே தனியாகவா?" என்று கேட்டாள்.

ஆம் என்று சொல்ல வாய் திறந்தேன், சொல் வரவில்லை. தனியாகத்தான். முப்பது ஆண்டுகள். அவளை யாரும் தனியே போகாதே என்று தடுத்ததில்லை. லயத்தில் ஒருவரும் அதைத் தனியே போவது என்று எண்ணியதுமில்லை. வேலைக்குப் போவது என்றே எண்ணினோம். தலையை மட்டும் அசைத்தேன்.

லீட்ஸுக்குத் திரும்பிய மறுநாள் காலை, தேநீர் போட்டுக்கொண்டிருந்த தோழியிடம் உண்மையைச் சொன்னேன். நான் எதிர்பார்த்தது போல் அவள் கோபிக்கவில்லை, நகைக்கவுமில்லை. சற்று நேரம் கழித்து, "அப்படியானால் அந்தத் தோட்டம் யாருடையது?" என்றாள். முன்னே உங்கள் நாட்டாருடையது, இப்போது எங்கள் நாட்டாருடையது, என் அம்மாவுடையதாய் ஒருநாளும் இருந்ததில்லை என்றேன். அவள் ரொட்டியை எனக்கு நகர்த்தி வைத்தாள். அதற்குப் பிறகு அவ்வீட்டில் எனக்கு மதிப்புக் கூடிற்று என்றோ குறைந்தது என்றோ சொல்ல மாட்டேன். ஏக்கர்க் கணக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் விவரமாய் எழுதினேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம்பி வாசித்துக் காட்டுவான். தனியே போனதை மறைக்கவில்லை. மூன்று வாரங்கழித்துப் பதில் வந்தது. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிபட்டு, எவ்வளவோ போய்விட்ட பின்னும் அந்தக் கடிதம் என்னிடம் உள்ளது. தம்பியின் கோழிக் கிறுக்கலில், அம்மா சொன்னபடியே:

"தனியாகப் போனாயாம். போனது போய்விட்டாய், இனிமேல் போனால் கடிகாரத்தைச் சரி பார்த்துக்கொண்டு போ. அந்த மரம் எத்தனை அங்குலச் சுற்று என்று நீ எழுதவில்லை. இருபது அங்குலம் இருந்தால் வெட்டுப் போடலாம். கண்ணாடிக்குள் வளர்ந்த மரம், பட்டை மெலிசாக இருக்கும், கத்தியை அழுத்தக் கூடாது. முதல் நாள் நாலு சொட்டுத்தான் வரும். அதைப் பார்த்து மரம் மலடு என்று விட்டுவிடப் போகிறார்கள். பதினைந்து நாள் வெட்டினால்தான் பால் இறங்கும் என்று அந்த வெள்ளைக்கார அம்மாவிடம் சொல்லு."